புனே மாநகராட்சிப் பள்ளிகளும் நாமும்

கோடை விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பிய கையோடு நம் இல்லங்களில் ஆண்டுதோறும் எழுகின்ற கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?" என்பதே அக்கேள்வி. இங்கே ஜூன் நடுவில் பள்ளிகள் திறக்கின்றன. அதற்குள் கட்டணத்துக்காகக் கடன் வாங்குவோர் சிலர். கைவளையை அடகு வைப்போர் சிலர். சிபாரிசு தேடி அலைவோர் சிலர். ஆனால், தெருமுனையில் கட்டணமின்றி நடைபெறும் மாநகராட்சிப் பள்ளியைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. யாரேனும் பேச்செடுத்தாலும், "அது நமக்கு ஒத்துவராது" என்று சொல்லி முடித்துவிடுகின்றோம்.

அப்பள்ளியை ஆள்பவர் யார்? அதற்குப் பணம் எங்கிருந்து வருகின்றது? அங்கே பிள்ளைகள் உண்மையில் என்ன கற்கின்றனர்? இம்மூன்றையும் நம்மவர் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் கல்வித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா. என் படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆயினும், என் கண்முன் நடந்த ஒரு நிகழ்ச்சி இவற்றையெல்லாம் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டிற்று. அதனை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டுக்காரர் டிராக்மேன் வேலை பார்ப்பவர்; விழுப்புரம் பக்கத்து மனிதர்; என்னைவிட மூத்தவர். அவருடைய மகள் அருகிலுள்ள மாநகராட்சி மராத்திப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாலை அவர் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து, "தம்பி, இதிலே என்ன எழுதியிருக்கு? பணம் ஏதாவது கேட்கிறாங்களா?" என்று வினவினார். வாங்கிப் பார்த்தேன். 'பாலக் சபா' என்று தலைப்பிட்டிருந்தது. பெற்றோர் கூட்டம், பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுக்கப் போகின்றார்கள், தவறாது வருக என்று எழுதியிருந்தது.

"நமக்கு மராத்தி சரியா வராது; நம்ம பேச்சை அங்கே யார் கேட்கப் போறாங்க? எனக்கு நைட் டூட்டி வேறே இருக்கு" என்றார் அவர். நானும், "போகாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது, அண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவ்வாறு சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்பது இரண்டு ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

பழைய கனவு

நாம் குடியேறியிருக்கும் இந்நகரம் கல்வி வரலாற்றில் சாமானியமான நகரம் அன்று. 1848-ஆம் ஆண்டில் ஜோதிராவ் பூலேயும் அவருடைய துணைவியார் சாவித்திரிபாயும் இங்குள்ள பிடே வாடாவில் பெண் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கினார்கள். ஊரார் வசையையும் அவமதிப்பையும் பொறுத்துக்கொண்டு சாவித்திரிபாய் நாள்தோறும் பாடம் சொல்லப் போனார். 1882-இல் ஹண்டர் கல்விக் கமிஷன் விசாரணை நடத்தியபோது, பூனா நகரசபையில் அங்கத்தினராக இருந்து அனுபவம் பெற்ற பூலே, எழுத்து மூலமாகச் சாட்சியம் அளித்தார். உழவரின் உழைப்பால் வரும் வரிப்பணம் மேல் வகுப்பாரின் உயர்கல்விக்கே செலவாகின்றது; பொதுமக்களுக்கு ஆரம்பக் கல்வியைக் குறைந்தது பன்னிரண்டு வயது வரையிலாவது கட்டாயமாக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

பூனா நகரசபையின் தலைவராக இருந்த மற்றொரு பெரியார் கோபால கிருஷ்ண கோகலே. அவர் 1911 மார்ச்சு 16-ஆம் நாள் இந்திய சட்ட சபையில் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் தத்தம் எல்லைக்குள் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். செலவில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கமும் ஒரு பங்கை உள்ளாட்சி மன்றமும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் அம்மசோதா 13-க்கு 38 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. தோற்கும் என்று தெரிந்தே கோகலே கொண்டுவந்தார் என்று சொல்வர். அவர் எழுப்பிய கேள்வியோ சாகவில்லை. பள்ளிக்கூடத்தை நடத்துவது யார், செலவை ஏற்பது யார் என்னும் அக்கேள்வியே இன்றைக்கும் நம் முன் நிற்கின்றது.

ஆட்சி யார் கையில்?

அமெரிக்க நாட்டில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றை ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பள்ளி மண்டலிகளே நடத்துகின்றன. வீட்டுவரியில் ஒரு பகுதி நேரே அம்மண்டலிக்குச் செல்லும். வரி செலுத்துவோன் மண்டலிக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்பான். பதில் பிடிக்காவிட்டால் மறு தேர்தலில் ஆளை மாற்றுவான்.

புனேயிலும் அதனோடு ஓரளவு ஒப்பிடத்தக்க அமைப்பு ஒன்று நெடுநாள் இருந்தது. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் ஆரம்பக் கல்விச் சட்டப்படி, நகர்களின் ஆரம்பப் பள்ளிகளைக் கவனிக்கத் தனி மண்டலிகள் ஏற்பட்டன. 1950 பிப்ரவரி 15-இல் புனே மாநகராட்சி அமைந்த பின்னரும் 'ஷிக்ஷண் மண்டல்' என்ற பெயரில் அம்மண்டலி பள்ளிகளை நடத்தி வந்தது. கல்வி உரிமைச் சட்டம் வந்து, பொறுப்பு முழுவதும் உள்ளாட்சி மன்றத்தின் தலைமேல் விழுந்த பிறகு, தனி மண்டலி வேண்டுவதில்லை என்று மாநில அரசு கருதி 2013-இல் சட்டத்தை மாற்றிற்று. இருந்த மண்டலியின் காலம் முடிந்ததும் 2017-இல் புனேயில் அது கலைந்தது. அது முதல் மாநகராட்சியின் கல்வி இலாகா, கமிஷனரின் மேற்பார்வையில் பள்ளிகளை நேரே நடத்தி வருகின்றது.

இம்மாற்றம் நன்றா தீதா என்பதில் இரு கருத்து உண்டு. மண்டலிகளில் கட்சிச் சண்டையும் காண்ட்ராக்டுச் சண்டையுமே மிகுதி என்றார் ஒரு சாரார். பள்ளியைப் பற்றிப் பேசுவதற்கென்றே இருந்த சபையும் போயிற்றே என்றார் மறு சாரார். மாநகராட்சியின் பொதுச் சபையே பிறகு பேச வேண்டும். ஆனால் அதன் பதவிக்காலமும் 2022 மார்ச்சில் முடிந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தலின்றி அதிகாரிகளின் நிர்வாகமே நடந்தது. வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டிப் பள்ளிக் குறையைச் சொல்லும் வழியும் அவ்வாண்டுகளில் அடைபட்டிருந்தது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நாம் 'புனே' என்று ஒரே பெயரால் சுட்டும் இடத்தில் பள்ளி நடத்தும் அதிகாரிகள் பலர். நகருக்குள் புனே மாநகராட்சி. பிம்ப்ரி, சிஞ்ச்வட் பக்கம் 1982-இல் ஏற்பட்ட தனி மாநகராட்சி. முகாம் பகுதியிலும் கட்கியிலும் தேஹு ரோட்டிலும் கண்டோன்மென்ட் போர்டுகள். சுற்றுக் கிராமங்களில் ஜில்லா பரிஷத். 2017-இல் 11 கிராமங்களும் 2021-இல் 23 கிராமங்களும் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது எல்லையும் நகர்ந்தது. ஆகவே, குறை சொல்லப் புறப்படுமுன் நம் தெருப் பள்ளி எந்த ஆட்சிக்கு உட்பட்டது என்று கேட்டறிவது முதற் காரியம்.

பாடத்திட்டமோ இவர்கள் எவர் கையிலும் இல்லை. அது மாநில அரசினுடையது. பாடநூல்களை அச்சிடும் 'பாலபாரதி' 1967-இல் தொடங்கப் பெற்று, இதே புனேயில் சேனாபதி பாபட் சாலையில் உள்ளது. உதவித்தொகைத் தேர்வுகளை நடத்தும் மாநிலத் தேர்வுப் பரிஷத்தும் இங்கேதான் இருக்கின்றது. ஆசிரியர் நியமனமும் 2017 முதல் 'பவித்ர' என்னும் மாநில இணையத்தளத்தின் வழியே நடைபெறுகின்றது. கட்டடம், பராமரிப்பு, அன்றாட நிர்வாகம் ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பு. வகுப்பில் ஆசிரியர் இல்லை என்றால் ஓர் அலுவலகத்தையும், குழாயில் நீர் இல்லை என்றால் வேறோர் அலுவலகத்தையும் நாட வேண்டியிருப்பது இதனால்தான்.

பணம் எங்கிருந்து வருகின்றது?

"இலவசப் பள்ளி" என்று சொல்கின்றோம். இலவசம் என்பது சரியான சொல்லன்று. நாம் முன்பே விலை கொடுத்துவிட்ட பள்ளி அது.

மாநகராட்சிச் சட்டம் ஆரம்பக் கல்வியைக் கட்டாயக் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கின்றது. தெரு விளக்கைப் போலவும் சாக்கடையைப் போலவும் பள்ளியும் நடந்தே தீர வேண்டும். வீட்டுவரிச் சீட்டை எடுத்துப் பார்த்தால் அதில் 'ஷிக்ஷண் கர்' என்னும் கல்வி வரி தனியே குறித்திருக்கும். 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசுக்காக மாநகராட்சி வசூலித்துக் கொடுக்கும் வரி அது. வாடகைக்கு இருப்பவர் தாம் வரி கட்டவில்லை என்று எண்ணலாகாது. வீட்டுக்காரர் அதனை வாடகையில் சேர்த்தே வாங்குகின்றார்.

என்னைப் போல் இரயில்வே குவார்ட்டர்ஸில் வசிப்போர் வீட்டுவரி செலுத்துவதில்லை. அதற்காக நாங்கள் தப்பிவிட்டோம் என்று சொல்ல முடியாது. முன்னாளில் லாரியில் சரக்கு நகருக்குள் நுழையும்போது நாக்காவில் ஆக்ட்ராய் வசூலித்ததை மூத்தவர்கள் அறிவார்கள். 2013 ஏப்ரலில் அது போய் உள்ளாட்சி வரி வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின், இழந்த வருவாய்க்கு ஈடாக மாநில அரசு மாநகராட்சிக்குத் தவணை முறையில் நஷ்டஈடு அளித்து வருகின்றது. ஆக, நாம் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் இந்நகரப் பள்ளிக்கு ஒரு பங்கு உண்டு.

இவற்றோடு ஆசிரியர் சம்பளத்துக்காக மாநில அரசின் மானியம் வருகின்றது. 2018-இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் தருகின்றன. எட்டாம் வகுப்பு வரை மதிய உணவும் அதே விகிதத்தில் பகிரப்படுகின்றது. ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், அதற்கு மேல் வகுப்பினருக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் தருவது விதி.

மதிய உணவு என்றதும் தமிழர் நெஞ்சு நிமிர்வது இயற்கை. 1920-இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறிட்டது. பின்னர் 1956-இல் காமராசர் அதனைப் பெரிதாக்கினார். ஒரு நகரசபை நினைத்தால் நாடே பின்பற்றத்தக்க காரியத்தைச் செய்யலாம் என்பதற்கு அதுவே சான்று. அந்த மரபில் வந்த நாம் இவ்வூர் நகரசபைப் பள்ளியை எட்டியும் பாராமல் இருப்பது பொருத்தமன்று.

பிள்ளைகள் கற்பது என்ன?

புனே மாநகராட்சி இருநூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை மராத்தி வழிப் பள்ளிகள்; உருதுப் பள்ளிகளும் ஆங்கிலப் பள்ளிகளும் உண்டு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துவதையும் அவற்றுள் தமிழும் ஒன்றாக இருப்பதையும் பலர் அறிவீர்கள். புனேயில் நம் பிள்ளைகள் மராத்தியிலோ ஆங்கிலத்திலோதான் பெரும்பாலும் கற்க வேண்டியிருக்கின்றது. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த வாரியத்துப் பள்ளியாயினும் மராத்தி கட்டாயப் பாடம். ஆகவே தனியார் பள்ளிக்கு அனுப்பினாலும் மராத்தியை விட்டு ஓட முடியாது.

தரம் எப்படி? நாடு தழுவிய கணக்குகள் சில உள்ளன. 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவுத் தேர்வில் கணிதத்தில் மூன்றாம் வகுப்பின் சராசரி நூற்றுக்கு 57. ஐந்தாம் வகுப்பில் 44. எட்டாம் வகுப்பில் 36. வகுப்பு ஏற ஏற அறிவு இறங்குகின்றது. 'பிரதம்' என்னும் ஸ்தாபனம் கிராமப்புறங்களில் வீடுவீடாகச் சென்று எடுத்த 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் நூற்றுக்கு 27 பேரே. இவை புனே நகரத்துக்கென்று தனியே எடுத்த கணக்குகள் அல்ல. ஆயினும், எந்த இடத்தில் நோய் இருக்கக்கூடும் என்பதைக் காட்டப் போதும். முதல் மூன்று வகுப்புகளுக்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை, பின்பு எத்தனை வகுப்பு ஏறினாலும் கரை சேர்வது அரிது. 2021-இல் மத்திய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கமும் இவ்வொன்றையே குறியாகக் கொண்டது.

அடுத்த வீட்டுச் சிறுமியின் கதையும் இதுவே. அவள் நான்காம் வகுப்புக்கு வந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளோடு விளையாட வந்தவள் தன் பாடக் குறிப்பேட்டைக் காட்டினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒரு வரியைத் தொட்டு, "இதைப் படி, கண்ணு" என்றேன். அவள் பேசவில்லை. வேறொரு வரியைக் காட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பலகையில் ஆசிரியை எழுதியதைப் படம் வரைவதுபோல் வரைந்திருக்கின்றாளே ஒழிய, அதில் ஓர் எழுத்தையும் அவள் அறியவில்லை. தமிழ் எழுத்தும் அவளுக்குத் தெரியாது. இரண்டு மொழிகளுக்கும் நடுவே அக்குழந்தை நான்கு ஆண்டுகள் வாய் திறவாது உட்கார்ந்திருந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் பெற்றோரோடு பள்ளிக்குச் சென்றேன். வகுப்பாசிரியை நல்ல அம்மையார். குறிப்பேட்டையும் சிறுமியையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் தமிழ் பேசுகின்றார்கள் என்பதே தமக்குத் தெரியாது என்றார். அமைதியான பிள்ளை, அழகாக எழுதுகின்றாள், ஆகவே புரிந்துகொண்டாள் என்று நம்பியிருந்தாராம். "நான் மூன்று முறை பெற்றோர் கூட்டத்துக்கு எழுதி அனுப்பினேனே, ஒரு முறையும் நீங்கள் வரவில்லையே!" என்று அவர் வருத்தத்தோடு சொன்னபோது, அண்ணன் தரையைப் பார்த்தார். அந்த மூன்று காகிதங்களில் ஒன்றை வாசித்துவிட்டுப் போக வேண்டாம் என்று சொன்னவன் நான்.

சட்டம் தந்த ஆசனம்

அன்றிரவுதான் அந்தக் காகிதத்தில் கண்ட மேலாண்மைக் குழு என்பது யாது என்று தேடிப் படித்தேன். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அதனை விளக்குகின்றது. அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, மானியம் பெறும் பள்ளி ஒவ்வொன்றிலும் இக்குழு அமைய வேண்டும். குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். தலைமை வகிப்பவரும் பெற்றோருள் ஒருவரே. தலைமையாசிரியர் செயலாளராக இருப்பார். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தீட்டுவது, அரசும் மாநகராட்சியும் தந்த மானியம் எவ்வாறு செலவாயிற்று என்று பார்ப்பது ஆகிய மூன்றும் குழுவின் வேலைகள்.

மானியம் பெறாத தனியார் பள்ளிக்கு இப்பிரிவு பொருந்தாது. எனக்கு இரயில்வே தரும் பிள்ளைகள் கல்விப் படி, 2024 ஜனவரி முதல் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. அதனை நம்பி என் இரு பிள்ளைகளையும் தனியார் பள்ளியில் சேர்த்திருக்கின்றேன். அங்கே கட்டணத்தைக் கட்டிவிட்டு வாயிலில் நிற்கின்றேன். அண்ணனுக்கோ, கட்டணம் வாங்காத பள்ளியில் சட்டமே ஆசனம் போட்டு வைத்திருந்தது. அது காலியாகக் கிடந்தது.

2024-இல் ஒரு வழக்கு நடந்தது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென 25 சதவீத இடம் உண்டு. அரசுப் பள்ளியோ மானியப் பள்ளியோ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், மானியம் பெறாத தனியார் பள்ளி அவ்விடங்களைத் தர வேண்டியதில்லை என்று மாநில அரசு அவ்வாண்டு பிப்ரவரியில் விதி செய்தது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். ஜூலை 19-ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்விதியை ரத்துச் செய்தது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. நியாயமான வெற்றி அது. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. தனியார் பள்ளியில் இடம் வேண்டிப் போராடும் நாம், அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பொதுப் பள்ளியின் உள்ளே என்ன நடக்கின்றது என்று கேட்கப் போனோமா? கேட்கத் தெரிந்தவரெல்லாம் பிள்ளைகளை வேறிடம் கொண்டுபோன பின், கூலி வேலைக்காரரும் வீட்டு வேலை செய்வோரும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவருமே அங்கே எஞ்சினர். கேள்வி கேட்பார் குறைந்த இடத்தில் தரம் தானே உயரும் என்று எதிர்பார்ப்பது எவ்விதம்? இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த பாலக் சபாவுக்கு அண்ணனும் அண்ணியும் இருவருமே சென்றார்கள். காய்கறிக் கடையிலும் ரேஷன் கடையிலும் பேசிப் பழகிய அண்ணியின் மராத்தி, அண்ணனுடையதைவிட நன்றாகவே இருந்தது. பெண்கள் பாதி வேண்டும் அல்லவா? அவர் பெயரையே முன்மொழிந்தார்கள். அவர் எழுந்து, வீட்டில் மராத்தி பேசாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். எண்ணினார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருந்தனர். தலைமையாசிரியர் அவர்களுக்கென நாள்தோறும் முதல் அரைமணி நேரத்தை வாசிப்புக்கு ஒதுக்கினார். மேல் வகுப்பு மாணவியர் பக்கத்தில் அமர்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுத்தனர். இதற்கு ஒரு காசும் செலவாகவில்லை. மாநகராட்சியின் உத்தரவும் வேண்டியிருக்கவில்லை.

அச்சிறுமி இன்னும் தன் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிப்பதில்லை. இழந்த ஆண்டுகள் ஒரே நாளில் திரும்பிவிடா. ஆயினும் சென்ற முறை வந்த கூட்ட அழைப்பை அவளே தாய்க்குப் படித்துச் சொன்னாள். நான்கைந்து இடங்களில் தடுமாறினாளாம். காகிதம் என் வீட்டுக்கு வரவில்லை.

நாம் செய்யத்தக்கவை

நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சில வேண்டுகோள்கள் விடுக்கின்றேன்.

மாற்றலில் வந்த குடும்பங்கள், மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம். சான்றிதழ் தாமதத்தையோ வயதுச் சான்று இல்லாமையையோ காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையின் சேர்க்கையையும் மறுக்கலாகாது என்று அதே சட்டம் சொல்கின்றது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 200 பிள்ளைகள் வரை உள்ள பள்ளியில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. நம் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர் என்று கேளுங்கள். ஒவ்வொரு பள்ளியின் விவரமும் மத்திய அரசின் 'யுடைஸ்' இணையத்தளத்தில் இருக்கின்றது, கைப்பேசியிலேயே பார்க்கலாம். உதவித்தொகைத் தேர்வுக்கு எத்தனை பேரை அனுப்பினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்றும் வினவுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்து கொடுத்து ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோருக்கு அம்மொழி தெரியாவிட்டால் பக்கத்து வீட்டாரைக் கேட்கச் சொல்லுங்கள். அழகான கையெழுத்தைக் கண்டு ஏமாற வேண்டாம்.

மராத்தி வாசிக்கத் தெரிந்த நம் அங்கத்தினர்கள், அண்டை அயலில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு வரும் பள்ளிக் காகிதங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். கூட்டத்துக்கு ஒரு முறை உடன் சென்று அருகில் அமர்ந்தாலும் போதும். நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இதற்கென ஒரு கால்மணி நேரம் ஒதுக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

நாம் இந்நகருக்கு விருந்தினராக வந்தவர்கள் அல்லர். இங்கே உழைக்கின்றோம், வரி தருகின்றோம், நம் பிள்ளைகள் இங்கேயே வளர்கின்றனர். வருகின்ற ஜூனில் பாலக் சபா அழைப்பு உங்கள் வீட்டுக்கும் வரும். வந்தால் தயவு செய்து போய்வாருங்கள்.